பிரித்துப் பூட்டிய ஜி.டி.நாயுடு!

குட்டீஸ்... ஊரப்பாக்கத்தில், ஜி.எஸ்.டி., சாலை ஓரமாக ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். எத்தனை மோட்டார் சைக்கிள்கள் கடக்கின்றன என எண்ண, இரண்டு கை விரல்களும் போதாது. ஆனால், 100 ஆண்டுகளுக்கு முன், ஒரு மோட்டார் சைக்கிள் ஊருக்குள் வந்தாலே, வேலையைப் போட்டு விட்டு ஜனங்கள் வேடிக்கை பார்ப்பர். அப்படி வேடிக்கை பார்த்த ஒருவரின் கதை தான் இது.

கோவை அருகே, கலங்கல் கிராமத்தில், மார்ச் 23, 1893ல் பிறந்தார் கோபால்சாமி துரைசாமி. ஜி.டி.நாயுடு என்று சொன்னால் தான், உங்கள் தாத்தாவுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் என்றாலே அவருக்கு வேப்பங்காய்! மூன்றாம் வகுப்புடன் படிப்பு நின்றது. விவசாயக் குடும்பம் என்பதால், வயல் வேலைக்குப் போனார்.

ஒருநாள், ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிள் அவர் கண்ணில் பட்டது. மாடு இழுக்கவில்லை; யாரும் மிதிக்கவில்லை. வண்டி மட்டும் ஓடுகிறது. எப்படி?

அந்தக் கேள்வி அவரைத் தூங்க விடவில்லை. கோவை நகருக்குப் போய், ஓட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். பல ஆண்டுகள் காசு காசாகச் சேர்த்து, சில நூறு ரூபாயில், ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கினார். வேறு யாராவது என்றால், அந்தப் பணத்தில் மாடு, கன்று வாங்கியிருப்பர்.

வாங்கியவர், ஆசை தீர ஊரைச் சுற்றி வந்தாரா? அது தான் இல்லை. வண்டியை அக்கு வேறு, ஆணி வேறாகக் கழற்றிப் போட்டார்! சொல்லிக் கொடுக்க ஆசிரியர் இல்லை. திரும்பப் பூட்டத் தெரியாவிட்டால், அத்தனை ஆண்டு உழைப்பும் பழைய இரும்புக் கடைக்குத் தான் போகும்.

அதில் என்ன கஷ்டம் என்று கேட்கிறீர்களா? ஒரே ஒரு பாகத்தை மட்டும் பார்ப்போம்.

அக்காலத்து மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலானவற்றில், பேட்டரி இல்லாமலே தீப்பொறி உண்டாக்கும் கருவி இருந்தது. அதன் பெயர், மேக்னெட்டோ. நம் ஊர் மெக்கானிக் அண்ணன்கள், 'மேக்னட்' என்பர். உள்ளே காந்தமும், கம்பிச்சுருளும் இருக்கும். எஞ்சின் சுற்றும்போது இதுவும் சுற்றி, மின்சாரம் பிறக்கும். அது ஸ்பார்க் பிளக்கில் பொறியாகத் தெறித்து, பெட்ரோல் ஆவியைக் கொளுத்தும். பழைய பெட்ரோல், மண்ணெண்ணெய் டிராக்டர்கள் பலவற்றிலும் இதே ஏற்பாடு தான்.

பொறி வந்தால் மட்டும் போதாது. சரியான நேரத்தில் வர வேண்டும். தங்கையை ஊஞ்சலில் வைத்து ஆட்டியிருக்கிறீர்களா? ஊஞ்சல் உங்களை நோக்கி வேகமாக வரும்போதே தள்ளினால், கை தான் வலிக்கும். ரொம்பவும் தாமதித்தால், ஊஞ்சல் எட்டாத தூரத்திற்குப் போய் விடும். எஞ்சினும் அப்படித்தான். பிஸ்டன் மேலேறி, ஆவியை அழுத்தும். தீ பரவ ஒரு நொடியில் மிகச் சிறு பங்கு ஆகும் என்பதால், பிஸ்டன் உச்சியைத் தொடச் சற்று முன்பே பொறி விழ வேண்டும். அளவுக்கு மீறி முந்தினால், எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைக்கும். கைப்பிடி சுற்றிக் கிளப்பும் பழைய டிராக்டர் என்றால், மணிக்கட்டே முறியலாம். பிந்தினால், எஞ்சின் சூடாகும், இழுவை இருக்காது.

இந்த, 'டைமிங்' வைப்பது எப்படி தெரியுமா? பிளக்கைக் கழற்றி, ஓட்டையைக் கட்டை விரலால் மூடிக் கொண்டு, எஞ்சினை மெதுவாகச் சுற்றுவர். காற்று விரலைத் தள்ளினால், பிஸ்டன் அழுத்தியபடி மேலே வருகிறது என்று அர்த்தம். உச்சிக்குச் சற்று முன், குறித்த இடத்தில் நிறுத்துவர். மேக்னெட்டோவில், ஒன்றையொன்று தொடும் இரண்டு உலோக முனைகள் உண்டு. அதற்கு, 'பாயின்ட்' என்று பெயர். அவை பிரியும் நொடியில் தான் பொறி பிறக்கும். நடுவில் மெல்லிய தாள் ஒன்றைச் செருகி, மேக்னெட்டோவைத் திருப்புவர். இறுகியிருந்த தாள், நழுவி வரும் நொடி தான் கணக்கு! அதே நிலையில் எஞ்சினோடு பூட்ட வேண்டும். பல்சக்கரத்தில் ஒரு பல் தள்ளிப் போனாலும் வம்பு தான்.

இதைப் போல இன்னும் எத்தனையோ பாகங்கள். அத்தனையையும் பார்த்துப் பார்த்தே புரிந்து கொண்டு, வண்டியைப் பூட்டி ஓட்டினார் நாயுடு. மெக்கானிக்காகவும் ஆனார்.

1920ல், ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சி - பழனி இடையே தாமே ஓட்டினார். அது வளர்ந்து, யூ.எம்.எஸ்., என்ற பெரிய பஸ் கம்பெனியானது. 1937ல், பாலசுந்தரம் நாயுடு என்பவருடன் சேர்ந்து, கோவை பீளமேட்டில் மின் மோட்டார் தயாரித்தார். இந்தியாவில் உருவான முதல் மின் மோட்டார் என்று, அதைச் சொல்வர். முகம் மழிக்கும் மின் ரேசர், பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி என்று, அவர் செய்தவற்றை அடுக்கினால் இந்தப் பக்கம் போதாது. பருத்தி, பப்பாளிச் செடிகளைக் கூட விடவில்லை. அவரது தோட்டத்தைப் பார்க்க, விஞ்ஞானி சர் சி.வி.ராமனே வந்தார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் ஜெயிக்கவில்லை. 1945ல், கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பொறியியல் கல்லூரி அமையக் காரணமாக இருந்தார். பொறியியல் படிக்க நான்கு ஆண்டு எதற்கு, இரண்டு ஆண்டே போதும் என்பது அவர் வாதம். கையால் செய்து கற்றவர் அல்லவா... அப்படித்தான் தோன்றும். எல்லாரும் நாயுடு ஆகி விட முடியுமா என்பது வேறு விஷயம்! அரசு ஒப்புக் கொள்ளவில்லை. அவர் விலகி விட்டார்.

ஜனவரி 4, 1974ல் காலமானார் ஜி.டி.நாயுடு. கோவை அவிநாசி சாலையில், 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட, 10 கி.மீ., நீள மேம்பாலத்திற்கு அவர் பெயர் தான். அதே சாலையில், அவர் குடும்பத்தார் அமைத்த பழைய கார் அருங்காட்சியகமும் இருக்கிறது. கோவை போனால், அப்பாவிடம் கேட்டு ஒரு நடை போய் வாருங்கள்.