மாணிக்கவாசகர்

மாணிக்கவாசகர் சைவ சமயக் குரவர் நால்வருள் ஒருவர் ஆவார். இவர் இயற்றிய திருவாசகமும் திருக்கோவையாரும் எட்டாம் திருமுறையாக வைக்கப்பட்டுள்ளன. மதுரை மாவட்டம் மேலூரை அடுத்த திருவாதவூரில் பிறந்தமையால் வாதவூரர், திருவாதவூரடிகள் எனவும் அழைக்கப்படுகிறார்.

வாழ்க்கை

இவரது வாழ்க்கை வரலாறு திருவாதவூரடிகள் புராணத்திலும் திருவிளையாடற் புராணத்திலும் கூறப்பட்டுள்ளது. அவற்றின்படி, இவர் அரிமர்த்தன பாண்டியனிடம் அமைச்சராகித் தென்னவன் பிரமராயன் என்ற பட்டம் பெற்றார். குதிரை வாங்க அரசன் அளித்த பொருளுடன் சென்றவர், திருப்பெருந்துறையில் (ஆவுடையார்கோயில்) குருந்த மரத்தடியில் குருவாக எழுந்தருளிய இறைவனிடம் உபதேசம் பெற்றார். கொண்டு சென்ற பொருளைத் திருப்பணிக்குச் செலவிட்டார்.

குதிரைகள் ஆவணி மூலத்தன்று வரும் என இறைவன் அறிவித்தார். அந்நாளில் நரிகளே பரிகளாகி மதுரைக்கு வந்தன. இரவில் மீண்டும் நரிகளாயின. சினந்த அரசன் இவரைத் தண்டித்தான். அப்போது வைகை பெருகிக் கரை உடைந்தது. வந்தி என்னும் மூதாட்டியின் பங்கை அடைக்க இறைவன் பிட்டுக்கூலி பெற்று மண் சுமந்தார். வேலை செய்யாத கூலியாளை அரசன் பிரம்பால் அடிக்க, அவ்வடி அரசன் உட்பட எல்லோர் மீதும் விழுந்தது. உண்மை உணர்ந்த அரசன் அடிகளை விடுவித்தான்.

பின்னர்ப் பல தலங்களை வழிபட்ட அடிகள் தில்லையில் இறைவனோடு கலந்தார் என்பது மரபு. இவரது குருபூசை ஆனி மகத்தில் நடைபெறுகிறது.

ஒத்த கதைகள்

அரசுப் பணத்தைக் கோயிலுக்குச் செலவிட்டுத் தண்டனை பெற்ற அலுவலரை இறைவன் மாறுவேடத்தில் வந்து மீட்பது மீண்டும் மீண்டும் தோன்றும் ஒரு கதைவடிவம் ஆகும். 17ஆம் நூற்றாண்டில் பத்திராசலம் இராமர் கோயிலுக்கு வரிப்பணத்தைச் செலவிட்டுக் கோல்கொண்டாவில் சிறைப்பட்ட கோபண்ணாவின் (பக்த ராமதாசர்) கதையும் இத்தகையதே. அதில் இராமனும் இலக்குவனும் இளைஞர்களாக வந்து சுல்தானிடம் கடனைத் தீர்க்கின்றனர். இரு கதைகளும் திரைப்படங்களாயின. 1939இல் வெளிவந்த மாணிக்கவாசகர் படத்தில் எம். எம். தண்டபாணி தேசிகர் நடித்தார். 2006இல் ஸ்ரீ ராமதாசு தெலுங்கில் வெளிவந்தது.

கதையும் காலமும்

இக்கதை இவரது கால ஆராய்ச்சியிலும் இடம்பெறுகிறது. 7ஆம் நூற்றாண்டினரான அப்பர் தம் தேவாரத்தில் நரியைக் குதிரையாக்கிய செயலைக் குறிப்பிடுகிறார். எனவே மாணிக்கவாசகர் அப்பருக்கு முற்பட்டவர் என்பர் ஒரு சாரார். அச்செய்தி முன்பே வழங்கிய இறைவனின் திருவிளையாடல் என்றும், அடிகளின் வாழ்வோடு பின்னர் இணைக்கப்பட்டது என்றும் கூறுவர் மறுசாரார். திருக்கோவையாரில் வரகுண பாண்டியன் குறிக்கப்படுவதால் 9ஆம் நூற்றாண்டே இவர் காலம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

திருவாசகத்திலும் நரி பரியானதும் இறைவன் மண் சுமந்ததும் இடம்பெறுகின்றன. ஆயினும் அவை முழுக் கதையாக விரிவது பிற்காலப் புராணங்களிலேயே ஆகும். ஆகவே புராணம் கூறும் வாழ்க்கையையும் நூல்களால் அறியப்படும் புலவரையும் வேறுபடுத்திக் காண்பது இன்றியமையாதது.