கிரெகர் மெண்டல்

தேர்வில் தவறியவர் வரலாற்றை உலகம் எடுத்துப் போற்றுதல் அரிது. இருமுறை தேர்வில் தவறி, ஆசிரியத் தகுதிப் பத்திரம் பெறாமலே வாழ்ந்து மறைந்த ஒருவர், இன்று உயிர்நூல் கற்கும் மாணவர் ஒவ்வொருவர்க்கும் ஆசிரியராய் விளங்குகின்றார். அவரே கிரெகர் மெண்டல் என்னுந் துறவியாவார். பயிரின் குணமும், மக்களின் பிணியும், நுண்ணுயிரின் இயல்பும் மரபணுக்களால் எங்ஙனம் வெளிப்படுகின்றன என்று ஆராயும் இக்காலப் பெருங்கலைக்கு அவர்தஞ் சிறு தோட்டத்திலேயே வித்திடப்பட்டது. அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

அந்நாளில் ஆஸ்திரியப் பேரரசைச் சார்ந்திருந்ததும், இந்நாளிற் செக் நாட்டின் எல்லைக்குட்பட்டதுமான ஹெயின்செண்டார்ஃப் என்னுஞ் சிற்றூரில், 1822-ம் ஆண்டு ஜூலை மாதத்தில், ஓர் உழவர் குடியில் யோகான் மெண்டல் பிறந்தார். தந்தையார் அந்தோன் நிலத்தை உழுதும், பழமரங்களுக்கு ஒட்டுக்கட்டியும் வாழ்ந்தவர். மகனும் அத்தொழிலை இளமையிலேயே அறிந்தார். 1838-ம் ஆண்டில் மரமொன்று சரிந்து தந்தையாரின் உடலை நலிவித்தது. வீட்டிலிருந்து பொருள் வருதல் நின்றது. மெண்டல் பிறர்க்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்து, அரைவயிற்றுணவோடு கற்றார். இளைய தங்கை தெரேசியா, தன் திருமணத்திற்கென ஒதுக்கிய சீதனத்தில் ஒரு பங்கைத் தமையன் கல்விக்கு ஈந்தாள். இந்நன்றியை மெண்டல் மறந்தாரல்லர். பின்னாளில் அவள் மைந்தரின் கல்விக்குத் தாம் பொருளுதவினார்.

1843-ம் ஆண்டில், இன்று பிர்னோ என வழங்கும் பிரூன் நகரத்து அகஸ்தீனியர் மடத்திற் சேர்ந்து கிரெகர் என்னும் பெயர் பூண்டார். 1847-ல் குருப்பட்டம் பெற்றார். நோயாளரைக் கண்டு ஆறுதல் கூறும் பணி அவர்க்கு அளிக்கப்பட்டது. பிறர் துன்பங் காணப் பொறாத மென்மனத்தினராதலின், அவர் தாமே நோயுற்றார். மடத் தலைவர் நாப் என்பார் இதனையறிந்து, 1849-ல் அவரை ஒரு பள்ளிக்கு ஆசிரியராக அனுப்பினார். ஆசிரியப் பணியில் நிலைத்து நிற்பதற்குத் தேர்வொன்று தேறவேண்டும். 1850-ல் மெண்டல் அதில் தவறினார். நாப் அவரைக் கடிந்து ஒதுக்காது, வியன்னாப் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பிக் கற்பித்தார். ஆங்கு டாப்ளரிடம் பௌதிகமும், உங்கரிடம் செடிநூலும் பயின்றார். 1856-ல் மறுமுறை தேர்வுக்குச் சென்றார், வெற்றியின்றியே மீண்டார். மூன்றாம் முறை அவர் முயலவில்லை.

ஆயினும் அவ்வாண்டிலேயே மடத்துத் தோட்டத்தில் தம் பெருஞ் சோதனையைத் தொடங்கினார். பெற்றோர் குணங்கள் பாலும் நீரும் போலப் பிள்ளைகளிடத்துக் கலந்துவிடுகின்றன என்பதே அந்நாளில் அறிஞர் பலரும் கொண்ட கருத்து. மெண்டல் இதனை ஆராயப் பட்டாணிச் செடியைத் தேர்ந்தார். 34 வகை விதைகளை வருவித்து, ஈராண்டு பயிரிட்டுப் பார்த்து, இயல்பு மாறாது விளைபவற்றையே எடுத்துக்கொண்டார். மொட்டு முதிருமுன் அதனைத் திறந்து மகரந்தப் பைகளை நீக்குவார். வேறொரு செடியின் மகரந்தத்தைத் தூவுவார். பூச்சிகள் அணுகாவண்ணம் உறையிட்டு மூடுவார். இங்ஙனம் எட்டாண்டுகளில் ஏறத்தாழ 28,000 செடிகளை வளர்த்தார்.

உருண்ட விதையுடைய செடியையும் சுருங்கிய விதையுடைய செடியையும் கலந்தபோது, முதல் தலைமுறை விதைகள் யாவும் உருண்டனவாகவே இருந்தன. சுருக்கம் அழிந்ததோ? அவ்விதைகளை மீண்டும் விதைத்தார். 253 செடிகளினின்று 7324 விதைகள் கிடைத்தன. அவற்றுள் 5474 உருண்டன, 1850 சுருங்கியன. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. ஏழு பண்புகளை இவ்வாறு சோதித்தார். ஏழிலும் அதே விகிதங் கண்டார். ஒவ்வொரு பண்புக்கும் தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரு கூறுகள் உள்ளன என்றும், ஒன்று மேலோங்க மற்றொன்று ஒடுங்கியிருக்கும் என்றும், ஒடுங்கியது அழியாது அடுத்த தலைமுறையில் வெளிப்படும் என்றும் அவர் தெளிந்தார். அக்கூறுகளையே இன்று மரபணுக்கள் என்கிறோம்.

1865-ம் ஆண்டு பிப்ரவரியிலும் மார்ச்சிலும் பிரூன் இயற்கை நூற் கழகத்தில் இம்முடிபுகளை எடுத்துரைத்தார். மறு ஆண்டு அவ்வுரை அச்சேறியது. தனிப்படிகள் 40 பெற்று அறிஞர் சிலர்க்கு விடுத்தார். முனிச் நகரத்துச் செடிநூற் பேராசிரியர் நெகேலி அவரோடு கடிதத் தொடர்பு கொண்டார். எனினும் அவ்வாராய்ச்சியின் பெருமையை உணர்ந்தாரில்லை. நெகேலி ஆராய்ந்துவந்த ஹைராசியம் என்னுஞ் செடியில் மெண்டலும் சோதனை செய்தார். அதிற் பட்டாணியின் விதி அமையவில்லை. அச்செடி மகரந்தச் சேர்க்கையின்றியே விதை தரவல்லது என்பதை அந்நாளில் ஒருவரும் அறியார். இது மெண்டலுக்கு நேர்ந்த பெருங் கெடுவாய்ப்பாகும்.

1868-ல் அவர் மடத் தலைவரானார். 1874-ல் மடங்களின்மேல் அரசாங்கம் விதித்த வரியைச் செலுத்த மறுத்து, இறுதிவரை அவ்வழக்கிலேயே உழன்றார். 1884-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி சிறுநீரக நோயால் உயிர் நீத்தார். அடக்க வழிபாட்டில் இசைப்புலவர் யானாச்செக் ஆர்கன் இசைத்தார். பின்னர் அவருடைய ஆராய்ச்சிக் குறிப்புகள் தீக்கு இரையாயின.

34 ஆண்டு உறங்கிய அவ்வுரை 1900-ல் விழித்தெழுந்தது. டி விரீஸ், கோரன்ஸ், செர்மாக் என்னும் மூவர் தனித்தனியே ஆராய்ந்து, அதே விதியைக் கண்டனர். தமக்கு முன்னரே ஒரு துறவி அதனைக் கூறியிருத்தலையும் கண்டனர். 1902-ல் காரட் என்னும் ஆங்கில மருத்துவர், சிறுநீர் கருநிறமுறும் நோயொன்று இவ்விதிப்படியே குடும்பங்களில் வருதலைக் காட்டினார். 1961-ல் ஜாக்கோப், மோனோ என்னும் பிரெஞ்சு அறிஞர், குடலில் வாழும் நுண்ணுயிர் ஒன்று வேண்டும்போது மரபணுவைத் தொழிற்படுத்தியும் வேண்டாதபோது அடக்கியும் வைக்கும் முறையை விளக்கினர். 1990-ல் இங்கிலாந்தின் நாரிச் நகர ஆராய்ச்சியாளர், மெண்டலின் பட்டாணி ஏன் சுருங்கியது என்பதைக் கண்டுபிடித்தனர். மாப்பொருளைக் கிளைக்கச் செய்யும் நொதிக்குரிய மரபணுவில் ஏறத்தாழ 800 எழுத்துகள் கொண்ட துண்டொன்று இடைப்புகுந்துள்ளது. அதனால் அந்நொதி செவ்வனே உருவாவதில்லை. விதையிற் சர்க்கரை மிக, நீரும் மிகுதியாகச் சேர்கிறது. உலரும்போது விதை சுருங்குகிறது. பழுதற்ற மரபணு ஒன்றிருப்பினும் நொதி போதிய அளவு கிடைத்து விதை உருள்கிறது. 2021-ல் அவருடைய கல்லறையே திறக்கப்பட்டு, அவர்தம் மரபணுத் தொகுதியும் படிக்கப்பெற்றது.

மாணவ நண்பர்காள்! தேர்வுத் தாளில் நம் பெயர் காணாதபோது உலகமே முடிந்ததென நாம் சோர்கின்றோம். மெண்டலும் சோர்ந்திருத்தல் கூடும். ஆயினும் அவர் மறுநாளும் தோட்டத்திற்குச் சென்று விதைகளை எண்ணினார். தாம் கண்ட உண்மையை உலகம் ஏற்றதை அவர் காணவில்லை. கண்டிருந்தால் அவ்விதைகளின் எண்ணிக்கையில் ஒன்றுகூட மாறியிராது. செவ்வனே செய்த வேலை, முதல் தலைமுறையில் மறைந்த சுருக்கத்தைப் போலச் சிலகாலம் கண்ணுக்குத் தோன்றாதிருக்கலாம், அழிந்துபோவதில்லை.