சேவைச் செம்மல் துர்காபாய் தேஷ்முக்

ஆந்திர நாட்டு ராஜமந்திரியில் 1909-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள் பிறந்தவர் துர்காபாய். எட்டு வயதிலேயே அவருக்கு மணம் செய்து வைத்தார்கள். விவரம் தெரிந்ததும் அந்தப் பந்தத்திலிருந்து விலகி, கல்வியையும் தேசத் தொண்டையும் தம் வழியாகக் கொண்டார்.

1923-இல் காக்கிநாடா காங்கிரஸ் மாநாட்டுக் கதர்க் கண்காட்சியில் சிறுமி துர்காபாய் வாயில் காத்து நின்றார். நுழைவுச் சீட்டின்றி வந்த ஜவஹர்லால் நேருவையே தடுத்து நிறுத்தி, சீட்டு வாங்கிய பிறகே உள்ளே விட்டார். என்னே அவரது கடமை உணர்வு!

உப்புச் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். சட்டம் அறியாத காரணத்தால் அங்கே வாடிய ஏழைப் பெண்களைக் கண்டு உள்ளம் உருகினார். அதனால் சட்டம் பயின்று, 1942-இல் சென்னையில் பட்டம் பெற்றார். ஆந்திர மகிளா சபையையும் சென்னையில் நிறுவினார்.

சுதந்திர இந்தியாவின் திட்டக் குழுவில் உறுப்பினரானார். அணைகளும் ஆலைகளும் மட்டும் வளர்ச்சியாகுமா? ஆதரவற்ற பெண்கள், குழந்தைகள், உடல் ஊனமுற்றோர் என அன்று அழைக்கப்பட்ட மாற்றுத் திறனாளிகள் ஆகியோரின் நலனுக்கும் திட்டத்தில் இடம் வேண்டுமென்று பாடுபட்டார். 1953-இல் மத்திய சமூக நல வாரியம் அமைந்தது. அவரே அதன் முதல் தலைவர். முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் அதற்கு 4 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. நாடெங்கும் தொண்டு செய்துவந்த சங்கங்களைத் தேடி மானியம் சென்றது. கிராமங்களில் பால்வாடிகளும் தாய்சேய் நலப் பணிகளும் தோன்றின. பள்ளிப் படிப்பை இடையில் விட்ட பெண்களுக்காக 1958-இல் சுருக்கக் கல்வித் திட்டம் தொடங்கியது.

1975-இல் பத்ம விபூஷண் விருது பெற்ற அவர், 1981 மே 9-ஆம் நாள் மறைந்தார்.

அன்புத் தோழியரே! பிறர் துயர் கண்டு கண்ணீர் விடுவதோடு நில்லாமல், அதைத் தீர்க்கும் வழியையும் வகுத்தவர் அவர். நாமும் கற்போம்; கற்றதைப் பிறர்க்குப் பயன்படுத்துவோம்.