முத்துக் கரையில் பசி!
பிரான்சிஸ் சவேரியார் எழுதிய அவசரக் கடிதங்கள்

1544-ம் ஆண்டு, செப்டம்பர் மாதம். தூத்துக்குடியில் தீ! போர்த்துகீசியக் கேப்டனின் கப்பல் எரிந்தது. வீடும் எரிந்தது. படைக்கு அஞ்சிய பரதவர்கள் எதிரே உள்ள தீவுகளுக்கு ஓடினார்கள். உயிர் தப்பியது. ஆனால் அங்கே சோறு இல்லை. குடிக்கத் தண்ணீரும் இல்லை.

இந்தச் செய்தி, ஆலந்தலையில் இருந்த ஒரு பாதிரியாருக்கு எட்டியது. அவர்தான் பிரான்சிஸ் சவேரியார்.

இடிந்த கோட்டை

போரின் கொடுமை அவருக்குப் புதிதல்ல. அவர் 1506-ல், இன்று ஸ்பெயினில் உள்ள நவார் நாட்டில், பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். 1512-ல் நவார் மீது படையெடுப்பு நடந்தது. 1516-ல் அவருடைய குடும்பக் கோட்டையின் கோபுரங்கள் இடித்துத் தள்ளப்பட்டன. அப்போது அவருக்கு வயது பத்து.

பாரிசில் படித்துப் பாதிரியாரான சவேரியார், 1542-ல் கோவா வந்தார். அதே ஆண்டில் முத்துக் குளிக்கும் கரைக்கு வந்து சேர்ந்தார்.

எதிர்க்காற்று

அது மணல் பூமி. மீனும் முத்தும் உண்டு, நெல் விளையாது. அரிசி உள்நாட்டிலிருந்து வர வேண்டும். போரில் பாதை அடைபட்டால் விலை ஏறும். பிறகு எந்த விலைக்கும் கிடைக்காது. முத்தைத் தின்ன முடியுமா?

1544 ஜூன் மாதம் வடுகர் படை கன்னியாகுமரிப் பக்கம் பாய்ந்தது. மக்கள் கடற்பாறைகளில் ஒதுங்கிப் பட்டினி கிடந்தார்கள். சவேரியார் மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளில் உணவு ஏற்றிப் புறப்பட்டார். எதிர்க்காற்று விடவில்லை, தோணிகள் திரும்பின. அவர் சோர்ந்துவிடவில்லை. கரை வழியே நடந்து போய் அந்த மக்களைப் பார்த்தார்.

பகைவனுக்கும் தண்ணீர்

செப்டம்பரில் தூத்துக்குடிக்கு அதே கதி. உடனே பேனாவை எடுத்தார். உதவியாளர் மான்சிலாசுக்கு அவசரக் கடிதம் எழுதினார். கொம்புத்துறை, வேம்பார் பட்டங்கட்டிகளுக்கும் எழுதினார். தண்ணீரும் உணவும் ஏற்றித் தோணிகளை அனுப்பச் சொன்னார்.

தீவில் தவித்தவர்களில் அந்தக் கேப்டனும் ஒருவர். அவருடைய போக்கைச் சவேரியார் முன்பே கடுமையாகக் கண்டித்திருந்தார். ஆனாலும் அவரையும் காப்பாற்றச் சொன்னார். பசித்தவனிடம் கணக்குப் பார்க்கவில்லை!

1552 டிசம்பர் 3-ந் தேதி, சீனக் கரையோரத் தீவு ஒன்றில் சவேரியார் காலமானார். அவருடைய உடல் கோவாவில் இருக்கிறது. கடிதங்களும் அழியவில்லை.

இதே கடலுக்கு அப்பால், 2009-ல் முள்ளிவாய்க்காலில் போர் சூழ்ந்தபோது, அரிசியும் பால்மாவும் ஏழைக்கு எட்டாத விலைக்குப் போயின. கஞ்சியே உணவாயிற்று. போர் நடக்கும் இடத்தில் பசித்தவன் குரல் வெளியே கேட்பதில்லை. கேட்டவர் யாராவது எடுத்துச் சொன்னால்தான் தோணி புறப்படும். சவேரியார் அதைத்தான் செய்தார்.