ஓடிப்போகாத ஆயன்



நவம்பர் 4ஆம் திகதி திருச்சபை புனித சாள்ஸ் பொறோமியோவின் திருவிழாவைக் கொண்டாடுகிறது. குருமாணவர்களின் பாதுகாவலர் என்று அவரை அறிந்திருப்பீர்கள். கொள்ளைநோயின் நடுவே அவர் தம் மந்தையோடு நின்ற ஒன்றரை வருடத்தை அறிந்தவர்கள் நம்மிடையே குறைவு. மாரி மழையோடு எலிக்காய்ச்சல் பயமும் வரும் இக்காலத்தில் அதைச் சற்று நினைத்துப் பார்ப்போம்.

1538ஆம் ஆண்டு வட இத்தாலியிலுள்ள அரோனாக் கோட்டையில், பிரபு குடும்பம் ஒன்றில் சாள்ஸ் பிறந்தார். தாய்மாமனார் 4ஆம் பத்திநாதர் என்ற பெயருடன் பாப்பரசரானதும் 21 வயதிலேயே கர்தினாலாக்கப்பட்டார். செல்வமும் செல்வாக்கும் தேடாமலே வந்து சேர்ந்தன. ஆனால் 1562இல் அவருடைய ஒரே சகோதரன் இளவயதில் இறந்தான். திருமணம் செய்து குலப்பெயரைக் காக்கும்படி உறவினர் வற்புறுத்தினர். அவரோ மறுவருடம் குருப்பட்டம் பெற்றார்.

1565இல் அவர் மிலான் நகருக்கு வந்தபோது, ஏறக்குறைய 80 ஆண்டுகளாகப் பேராயர் எவரும் அங்கு தங்கி வாழ்ந்ததில்லை. குருமடங்களை நிறுவினார், மலைப்பங்குகளையும் தேடிச் சென்றார்.

1576 ஓகஸ்டில் மிலானில் கொள்ளைநோய் தோன்றியது. ஆளுநரும் பிரபுக்களும் நகரைவிட்டு வெளியேறினர். வெளியூரில் இருந்த பேராயரோ செய்தி கேட்டதும் நகருக்குத் திரும்பினார். மரணசாசனத்தை எழுதி வைத்துவிட்டு, நகர மதிலுக்கு வெளியே நோயாளர் அடைக்கப்பட்டிருந்த இடத்துக்குச் சென்று தேவதிரவிய அனுமானங்களை வழங்கினார். அரண்மனைத் திரைச்சீலைகள் ஏழைகளுக்கு உடையாயின. கழுத்தில் கயிற்றோடு, வெறுங்காலுடன் தவப்பவனியில் நடந்தார். மக்கள் வீடுகளுக்குள் அடைக்கப்பட்டபோது தெருச் சந்திகளில் பீடங்கள் அமைக்கப்பட்டன. யன்னலில் நின்றபடியே மக்கள் பூசை கண்டனர்.

ஒன்றை இங்கே கவனியுங்கள். இப்புனிதர் துணிந்தவர், ஆனால் கண்மூடித்தனமாக நடந்தவர் அல்லர். நோயாளரிடம் சென்று வந்தபின் தம்மால் பிறருக்குத் தொற்றக்கூடாது என்று தம் உடைகளைத் தாமே மாற்றிக்கொண்டார். வினாகிரியால் சுத்தம் செய்தார். நோய் அடங்கி 1578 ஜனவரியில் நகரம் விடுபட்டது. அதற்குள் ஏறக்குறைய 17,000 பேர் மாண்டிருந்தனர். அவரும் 1584இல் தமது 46ஆம் வயதில் மரித்தார். 1610இல் பாப்பரசர் 5ஆம் சின்னப்பர் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார்.

கொள்ளைநோய்க்குக் காரணம் எதுவென்று அன்று எவருக்கும் தெரியாது. 1894இல் ஹொங்கொங்கில் அலெக்சாண்டர் யெர்சின் அதன் கிருமியைக் கண்டுபிடித்தார். 1898இல் கராச்சியில் போல் லூயி சிமோன், எலியிலிருந்து எலிக்கு நோயைக் கொண்டு செல்வது தெள்ளு என்று காட்டினார்.

எலிக்காய்ச்சல் வேறு கிருமியால் வருவது. எலி முதலிய பிராணிகளின் சிறுநீர் கலந்த நீரும் சேறும் அதைப் பரப்புகின்றன. காலிலுள்ள சிறு காயம் போதும், கிருமி உட்புக. 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் அது சில குடும்பங்களில் ஒப்பாரியை எழுப்பியதை நாம் மறந்துவிடவில்லை.

அறியாமலே அத்தனை கவனம் எடுத்தார் அப்புனிதர். அறிந்திருந்தும் நாம் அசட்டையாய் இருக்கலாமா? வளவில் குப்பை சேரவிடாதீர்கள். நெல்லையும் சமைத்த உணவையும் மூடி வையுங்கள். காயத்தோடு வயலில் இறங்காதீர்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தடுப்பு மருந்து தந்தால் தட்டிக் கழியாதீர்கள். காய்ச்சலும் தசைநோவும் கண்சிவப்பும் கண்டால் கைவைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். வயலில் நின்றதையும் சொல்லுங்கள்.

அயல்வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் படலையைச் சாத்திக்கொள்ளாதீர்கள். ஒரு சுண்டு கஞ்சியாவது கொண்டுபோய்க் கொடுங்கள். மிலான் நகரப் பேராயரின் திருவிழாவை அவ்விதமும் நாம் கொண்டாடலாம்.