புயலுக்குப் பெயரிட்ட மாலுமி

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நமது கடற்கரை ஜில்லாக்களில் ஸைக்ளோன் என்ற சொல் குழந்தைகளின் வாயிலும் அடிபடும். அச்சொல்லை ஆங்கில பாஷைக்குத் தந்தவர் பெரும் பண்டிதர் அல்லர். சர்வகலாசாலை ஆசிரியரும் அல்லர். கல்கத்தாவில் வாழ்ந்து அங்கேயே மாண்ட ஒரு பழைய கப்பல் தலைவர் அவர். ஹென்றி பிடிங்டன் என்பது பெயர். புயல்களின் சரித்திரத்தை எழுதுவோர் அனைவரும் அந்த ஒரு சொல்லுக்காகவே அவரை நினைவுகூர்கின்றனர். 1853-ஆம் ஆண்டில் அவர் இந்தியாவின் கவர்னர் ஜெனரலுக்கு எழுதிய ஒரு கடிதத்துக்காக அவரை நினைவுகூர்வதே தகுதி என்பது நமது அபிப்பிராயம்.

பிடிங்டன் 1797-இல் இங்கிலாந்தில் ஸஸ்ஸெக்ஸ் பிரதேசத்தில் பிறந்தவர். இளமையிலேயே வர்த்தகக் கப்பல்களில் சேர்ந்து, இந்திய, சீனக் கடல்களில் பல ஆண்டுகள் உழன்று, தலைவர் பதவியும் பெற்றார். பின்னர் கடல் வாழ்க்கையை விடுத்து வங்காளத்தில் தங்கினார். அங்கே அவர் பார்த்த வேலைகள் பலதிறப்பட்டன. ஆசியச் சங்கத்தின் காரியங்களில் உழைத்தார். பூமியில் கிடைக்கும் கனிப்பொருள்களைச் சேகரித்து வைக்கும் பொருட்காட்சி சாலைக்குப் பாதுகாவலராயிருந்தார். கப்பல் விபத்துக்களை விசாரிக்கும் கடல் நீதிமன்றத்தில் தலைமை வகித்தார். இந்தக் கடைசி உத்தியோகமே அவருடைய ஆராய்ச்சிக்கு மிகவும் துணை செய்திருக்கும் என்று நாம் நினைக்கிறோம். உடைந்த கப்பலின் தலைவனையும் மாலுமிகளையும் எதிரில் நிறுத்தி, காற்று எத்திசையிலிருந்து வீசிற்று, எந்த நாழிகையில் திரும்பிற்று, அப்பொழுது பாரமானி என்ன காட்டிற்று என்று கேட்டுக் கேட்டுப் பழகிய மனம் அவருடையது.

அக்காலத்தில் புயல் என்பது நேராக வீசும் பெருங்காற்று என்றே மாலுமிகளில் பெரும்பாலோர் எண்ணியிருந்தனர். அமெரிக்கரான ரெட்பீல்டு என்பவர் 1831-இல் அது சுழன்று செல்லும் காற்று என்று எடுத்துக் காட்டினார். ஆங்கிலப் பொறியியற் படையைச் சேர்ந்த ரீட் என்பவர் 1838-இல் அதை விரித்து ஒரு நூல் எழுதினார். அந்நூலைக் கண்ட பிடிங்டன், வங்காள விரிகுடாவிலும் அதற்கப்பாலும் அடித்த புயல்களை ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றில் அகப்பட்ட கப்பல்களின் தினசரிக் குறிப்பேடுகளைத் திரட்டி, நாழிகை நாழிகையாக ஒப்பிடத் தொடங்கினார். 1839-ஆம் ஆண்டுப் புயலைப் பற்றிய முதற் கட்டுரையை அடுத்து, ஆசியச் சங்கத்தின் சஞ்சிகையில் அவர் எழுதிய கட்டுரைகள் இருபதுக்கும் மேற்பட்டவை.

வழக்கறிஞர் தொழிலில் பழகிய நமக்கு இந்த முறையில் ஒரு தனி மதிப்பு உண்டு. ஒரு சாட்சி தவறலாம். ஒருவரையொருவர் அறியாத பத்துச் சாட்சிகள் ஒரே விஷயத்தை வெவ்வேறு இடத்திலிருந்து சொல்வார்களாயின் அதைத் தள்ள இயலாது. 1845-இல் மொரீஷியஸ் தீவுக்கு அருகே சார்லஸ் ஹெடில் என்ற சிறு கப்பல் புயலில் சிக்கி ஐந்து நாட்கள் காற்றின் போக்கிலேயே ஓடிற்று. அதன் குறிப்பேட்டைப் பரிசீலித்த பிடிங்டன், அது புயலின் மையத்தை ஐந்து முறை வலம் வந்திருக்கிறது என்று நிரூபித்தார். செக்கு மாடு போலச் சுற்றிய அந்தக் கப்பலைவிடச் சிறந்த சாட்சி வேறென்ன வேண்டும்?

1848-இல் அவர் வெளியிட்ட மாலுமிகளின் கைந்நூலில், சுருண்ட பாம்பைக் குறிப்பதற்கு ஏற்ற கிரேக்கச் சொல்லினின்றும் ஸைக்ளோன் என்ற பதத்தை அமைத்தார். காற்று வட்டமாகவே சுழல்கிறது என்று அறுதியிட்டுச் சொல்லாமல், வளைந்து செல்கிறது என்ற அளவில் நிறுத்திக்கொள்ளும் சொல் வேண்டும் என்பது அவர் நோக்கம். நிரூபணமானதற்கு மேல் ஒரு சொல்லும் கூறாத அந்த அடக்கம் கவனிக்கத் தக்கது. நூலின் உடன், ஒளி ஊடுருவும் கொம்புத் தகடுகள் இரண்டு கிடைத்தன. அவற்றில் காற்றின் சுழற்சி வரையப்பட்டிருந்தது. கப்பல் தலைவன் தகட்டைக் கடற்படத்தின்மேல் வைத்து, தன்மேல் வீசும் காற்றோடு பொருத்தினால், மையம் எப்புறம் இருக்கிறது, எப்புறம் ஓடினால் தப்பலாம் என்பது தெரியும். பூமத்திய ரேகைக்கு வடக்கேயுள்ள கடல்களில் காற்றை எதிர்நோக்கி நிற்பவனுக்கு மையம் ஏறக்குறைய வலக்கைப் புறத்தில் இருக்கும். படிப்பறிவு குறைந்த மாலுமியும் கையாளக்கூடிய உபாயம் இது.

கப்பல்களோடு அவர் நின்றிருந்தால் அவரைப் பற்றி இவ்வளவு எழுத வேண்டியதில்லை. கோதாவரி முகத்துவாரத்திலுள்ள கோரிங்கா, பழைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த துறைமுகம். 1789 டிசம்பரில் அவ்வூரின்மேல் மூன்று பேரலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின; கப்பல்கள் கரைமேல் வீசப்பட்டன; ஏறக்குறைய 20,000 பேர் மாண்டனர் என்பது கணக்கு. ஐம்பது ஆண்டுகள் சென்று 1839 நவம்பரில் அதே ஊர் மீண்டும் அழிந்தது. இச்செய்திகளைத் தொகுத்த பிடிங்டனுக்கு ஒன்று விளங்கிற்று: புயலில் மனிதரைக் கொல்வது பெரும்பாலும் காற்று அன்று, அதனுடன் ஏறி வரும் கடல்.

இதன் காரணம் இன்று நன்கு தெரிந்ததே. மையத்தில் காற்றின் அழுத்தம் குறைவதால் கடல் சிறிது உயர்கிறது. ஒரு மில்லிபார் குறைந்தால் சுமார் ஒரு சென்டிமீட்டர். அது சிறு பகுதி. பெரும் பகுதி, காற்று நீரைத் தள்ளிக்கொண்டு வந்து ஆழமற்ற கரையில் குவிப்பதால் ஏற்படுவது. வங்காள விரிகுடாவோ வடக்கே செல்லச் செல்லப் புனல் போல் ஒடுங்கி, ஆழமும் குறைந்து முடிகிறது. உயர்வேற்றமும் அதே வேளையில் சேர்ந்தால் தண்ணீருக்குப் போக்கிடம் நிலத்தைத் தவிர வேறில்லை.

இப்படியிருக்க, கல்கத்தா வர்த்தகர்களுக்கு ஒரு கவலை பிறந்தது. ஹூக்ளி நதி மணல் மேடிட்டுத் தூர்ந்து வருகிறது, இன்னும் சில காலத்தில் பெரிய கப்பல்கள் கல்கத்தாவுக்கு வர இயலாது என்று அஞ்சினர். தென்கிழக்கே ஏறக்குறைய முப்பது மைல் தொலைவில், சுந்தரவனத்தின் விளிம்பில், மாத்லா என்ற ஆழமான நதி ஓடிற்று. அங்கே புதிய துறைமுகம் அமைப்பது என்று 1853-இல் பேச்சு எழுந்து, சர்க்கார் நிலமும் வாங்கினர்.

அதே ஆண்டில் பிடிங்டன், கவர்னர் ஜெனரலாயிருந்த டல்ஹௌஸி பிரபுவுக்குப் பகிரங்கக் கடிதம் ஒன்று எழுதிக் கல்கத்தாவில் அச்சிட்டு வெளியிட்டார். வங்காள விரிகுடாப் புயல்களின் அலை சுந்தரவனத்தில் என்ன செய்யும் என்பதே அதன் பொருள். மாத்லாக் கரையில் ஊர் எழுந்தால், என்றேனும் ஒருநாள் புயலின் நடுவே உப்பு நீர்ப் பெருக்கு அதன்மேல் பாய்ந்து, ஐந்து அடி முதல் பதினைந்து அடி வரை ஆழத்தில் அவ்வூரை மூழ்கடிக்கும் என்று அவர் எச்சரித்தார். சர்க்காரில் உத்தியோகம் பார்த்தவர், சர்க்காரின் திட்டத்தை எதிர்த்து, ஊரறிய எழுதினார் என்பதை நேயர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

பயன் ஒன்றும் விளையவில்லை. 1858-இல் பிடிங்டன் காலமானார். நகரம் எழுந்தது, கானிங் பிரபுவின் பெயர் அதற்கு இடப்பட்டது. ரயில் பாதை வந்தது. துறைகளும் ஹோட்டலும் கட்டப்பட்டன. 1865-இல் ஒரு கம்பெனி தோன்றி, அதன் பங்குகளுக்காகப் பணக்காரர்கள் முந்தியடித்தனர். விலை ஏறிய வேகத்திலேயே இறங்கிற்று. இதற்கிடையில் 1864 அக்டோபரில் கல்கத்தாவைத் தாக்கிய புயலில் ஹூக்ளிக் கரைகளில் ஏறக்குறைய 50,000 பேர் நீரில் மாண்டனர். அடுத்த மாதமே மசூலிப்பட்டினத்தில் ஏறிய கடல் சுமார் 30,000 பேரைக் கொண்டு சென்றது. கானிங் நகரத்தார் அப்பொழுதும் விழிக்கவில்லை. 1867 நவம்பர் முதல் தேதி வீசிய புயலில் மாத்லா பொங்கி ஊருக்குள் புகுந்தது. கட்டியவற்றிற் பல நாசமாயின. சில ஆண்டுகளுக்குள் துறைமுகத்தையே கைவிட்டனர். கடிதம் எழுதப்பட்டுப் பதினான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன.

டல்ஹௌஸி ஒன்றும் அறியாதவர் அல்லர்; ரயிலும் தந்தியும் இந்நாட்டிற்கு வந்தது அவர் காலத்திலேதான். ஆயினும் கம்பெனி ஆட்சியில், ஒரு திட்டத்துக்கு ஆட்சேபம் வந்தால் அதற்குக் காரணங்காட்டி விடை கூறவேண்டிய கடமை அதிகாரிக்கு இல்லை. வர்த்தகர் சங்கத்தின் வேண்டுகோளுக்குக் காது இருந்தது. நாற்பது கப்பல்களின் குறிப்பேடுகளைக் கொண்டு வந்தாலும் தனி மனிதனுக்கு அது இல்லை. அங்கே குடியேறி மூழ்கப் போகிற கூலிக்கும் செம்படவனுக்கும் பேச இடமே இல்லை. பிடிங்டனின் நூல்களும் மாலுமிகளுக்காகவே எழுதப்பட்டவை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1864-ஆம் ஆண்டின் சாவுகளுக்குப் பின்னரே சர்க்கார் அசைந்தனர். கல்கத்தாத் துறைமுகத்துக்குப் புயல் அறிவிப்பு ஏற்பாடாயிற்று. 1875-இல் இந்திய வானிலை இலாகா பிறந்தது. அது தொடங்கிவைத்த பணி இன்று எவ்வளவு வளர்ந்துள்ளது என்பதற்கு ஒடிஸாவே சான்று. 1999-ஆம் ஆண்டுப் புயலில் அங்கே ஏறக்குறைய 10,000 பேர் இறந்தனர். 2013-இல் பைலின் புயலுக்கு முன்னர் சுமார் பத்து லட்சம் பேர் அப்புறப்படுத்தப்பட்டனர். இறந்தோர் சில பத்துப் பேரே. அதே 1999-ஆம் ஆண்டுப் புயலை ஆராய்ந்தவர்கள், கடலுக்கும் கிராமத்துக்கும் நடுவே அலையாத்திக் காடு அகலமாக இருந்த இடங்களில் சாவு குறைவு என்றும் கண்டனர்.

மனிதரை அப்புறப்படுத்தக் கற்றோம். எங்கே கட்டுவது என்ற கேள்வியில் மட்டும் இன்னும் மாத்லாக் கரையிலேயே நிற்கிறோமோ என்ற ஐயம் நமக்கு உண்டு. 1991-இல் பிறந்த கடற்கரை ஒழுங்கு விதிகள் உயர்வேற்றக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடு விதித்தன. 2019-இல் வந்த புதிய விதிகள், மக்கள் நெருக்கமுள்ள கிராமப்புறங்களில், கட்டடம் கூடாத பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தன. 1901-க்கும் 2018-க்கும் இடையில் உலகக் கடல்மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கும் காலத்தில் இது நடந்தது. பெரிய திட்டங்களுக்குப் பொதுமக்கள் விசாரணை நடத்தவேண்டும் என்று 1997 முதல் விதி இருக்கிறது. அந்த விசாரணையில் மீனவர் எழுந்து சொல்லும் ஆட்சேபம் ஒவ்வொன்றுக்கும், நீதிபதி தம் தீர்ப்பில் எழுதுவதைப் போல, ஏற்றாலும் தள்ளினாலும் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். அந்த எழுத்து அவர் பாஷையிலேயே அவர் ஊருக்கு வந்து சேரவேண்டும். இதையே நாம் கேட்கிறோம்.

கானிங் இன்றும் இருக்கிறது. கல்கத்தாவிலிருந்து புறப்படும் ரயில் அங்கே வந்து நிற்கிறது. சுந்தரவனத் தீவுகளுக்குச் செல்வோர் அவ்வழியே போகின்றனர். 2009-இல் அய்லா புயலின்போது அப்பக்கத்துத் தீவுகளில் கரைகள் உடைந்து வயல்களில் உப்பு நீர் நின்றது. கப்பல்களை ஏந்துமென்று நம்பிய மாத்லா, கானிங்கில் வண்டல் படிந்து தூர்ந்துவிட்டது. தூர்ந்துபோகுமென்று அஞ்சிய ஹூக்ளியிலோ இன்றும் கப்பல்கள் வந்து போகின்றன.