தன்னையே சோதித்த உளநூலார்: எபிங்கௌசு

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் ஒருநாள் மாலை, முன்னாளில் என்னிடம் பாலபண்டித வகுப்பிற் பயின்ற ஒருவர் என்னைக் காண வந்திருந்தார். இப்போது அவர் பல்கலைக்கழகமொன்றில் உளநூல் கற்பிப்பவர். சிறுவர் செய்யுள்களை மனனஞ் செய்யும் முறைபற்றித் தாம் நிகழ்த்திய பரிசோதனையை எழுதி, வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றுக்கு அனுப்பியிருந்தார். அதனை மதிப்பிட்ட துறையறிஞர் இருவரும், வேறொரு மாணாக்கர் தொகுதியைக் கொண்டு அச்சோதனையை மீண்டும் நடத்தி, இரண்டு முடிபுகளையும் ஒருங்கே அனுப்புமாறு பணித்துவிட்டனர். ஓராண்டு உழைப்பு வீணாயிற்றே என்று அவர் முகம் வாடியிருந்தது.

நான் உளநூலை முறையாகக் கற்றவனல்லேன். எனினும் மனனம் என்பது எங்கள் தொழிலின் முதல். நன்னூற் சூத்திரங்களையும் சூடாமணி நிகண்டையும் சிக்கன விளக்கின் வெளிச்சத்தில் உருப்போட்டவன் நான். முப்பது ஆண்டுகளாகப் பிறரை உருப்போடச் செய்துவருபவனும் நானே. நினைவு எவ்வாறு நிற்கின்றது, எவ்வாறு கழிகின்றது என்பதை முதன்முதல் எண்ணால் அளந்து காட்டிய எர்மன் எபிங்கௌசு என்பவரின் வரலாற்றை அதனாலேதான் தேடிப் படித்தேன். அன்று அவருக்குச் சொன்னதை இங்குச் சற்று விரித்து எழுதுகின்றேன்.

எபிங்கௌசு 1850ஆம் ஆண்டு சனவரி 24ஆந் திகதி, செருமனியின் இரைன் நாட்டுப் பகுதியிலுள்ள பார்மன் என்னும் ஊரில், வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். பதினேழாம் வயதிற் பொன் நகரப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து வரலாறும் மொழிநூலும் கற்கத் தொடங்கிப் பின்னர் மெய்யியலின்பாற் சென்றார். 1870இல் பிரான்சுடன் போர் மூண்டபோது படையிற் சேர்ந்து பணிபுரிந்தார். 1873இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அதன்பின் சில ஆண்டுகள் இங்கிலாந்திலும் பிரான்சிலும் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். நிலையான பதவியில்லை, வழிகாட்டும் ஆசிரியருமில்லை.

அக்காலத்திலே பழைய புத்தகக் கடையொன்றில் ஒரு நூல் அவர் கையில் அகப்பட்டது. பெக்னர் என்பார் 1860இல் வெளியிட்ட உளப்பௌதிகம் பற்றிய நூல் அது. ஒளியையும் ஒலியையும் பாரத்தையும் மனிதன் உணரும் அளவைக் கணித முறையால் ஆராயலாம் என்று அந்நூல் காட்டிற்று. உணர்ச்சியை அளக்கலாமாயின் நினைவை ஏன் அளக்கலாகாது என்ற வினா எபிங்கௌசின் உள்ளத்திற் பிறந்தது. இலைப்சிக்கு நகரத்தில் உளநூற் பரிசோதனைச் சாலையை நிறுவிய வூண்டு என்னும் பேராசிரியரோ, நினைவு, சிந்தனை போன்ற உயர்ந்த உளத்தொழில்கள் பரிசோதனைக்கு அடங்கா என்ற கருத்துடையவர். அத்தகைய பெரியவர் அடைத்துவைத்த கதவை, கருவியும் சாலையும் உதவியாளருமில்லாத இளைஞர் ஒருவர் தட்டினார்.

சோதிப்பவரும் அவரே, சோதிக்கப்பட்டவரும் அவரே. பொருளுள்ள சொற்களைக் கொண்டு சோதித்தால் ஒருவருக்குப் பழகிய சொல் எளிதாகும், பழகாதது அரிதாகும், அளவு பிழைக்கும். ஆதலால் இரண்டு மெய்களின் நடுவே ஓர் உயிர் நிற்குமாறு, ஏறத்தாழ 2300 ஓரசைக் கூட்டங்களை அவர் ஆக்கிக்கொண்டார். சொல்லென்றாற் பொருளுண்டு என்பது நம் இலக்கண மரபாதலின், இவற்றைச் சொல்லென்னாது அசையென்றே வழங்குகின்றேன். இவ்வசைகளைக் கலந்து, கண்டபடி எடுத்து வரிசையாக்கி, நிமிடத்துக்கு 150 என்னும் கதியில், ஏற்ற இறக்கமின்றி வாசிப்பார். வரிசை பிழையின்றி வாயில் வரும்வரை வாசிப்பார். எத்தனை முறை வாசித்தார், எத்தனை நேரஞ் சென்றது என்பவற்றைக் குறித்துக்கொள்வார்.

ஏழு அசைகளை ஒருமுறை வாசித்த அளவிற் சொல்ல அவரால் முடிந்தது. பன்னிரண்டாயின் ஏறக்குறையப் பதினேழு முறை வாசிக்க வேண்டியிருந்தது. பதினாறாயின் முப்பது முறை. நமது பிள்ளைகள் இரண்டு வரியை உடனே ஒப்பித்து நான்கு வரியில் இடறுவதைக் கண்டு, சோம்பலென்று நான் கடிந்துகொண்ட நாட்கள் பல. இவ்வெண்களைப் பார்த்த பின் அக்கடிதல் சற்றுக் குறைந்தது.

அவருடைய கூர்மையெல்லாம் மறதியை அளந்த முறையிலேதான் விளங்குகின்றது. மறந்துபோன ஒன்றை எப்படி அளப்பது? மறந்தது முழுவதும் போய்விட்டதா, அன்றி உள்ளே எங்கேனும் எச்சம் உண்டா? எபிங்கௌசு, கற்ற வரிசையைச் சில காலங் கழித்து மீளக் கற்றார். முதன்முறை நூறு பங்கு நேரஞ் சென்றதாயின், மறுமுறை அறுபத்தாறு பங்கே சென்றால், மிச்சப்பட்ட முப்பத்து நான்கு பங்கும் நினைவின் எச்சமென்று கொண்டார். இவ்வகையில் 163 இரட்டைச் சோதனைகள் செய்தார். இருபது நிமிடங் கழித்து மிச்சம் நூற்றுக்கு 58. ஒரு மணி நேரங் கழித்து 44. ஒரு நாட் கழித்து 34. ஆறு நாட் கழித்து 25. முப்பத்தொரு நாட் கழித்து 21. மறதி முதல் மணி நேரத்தில் மலைச்சரிவிற் கல்லுருள்வதுபோல் விரைகின்றது. பின்னர் நடை தளர்கின்றது. முற்றும் மறந்ததென்று எண்ணிய அசைகளுக்கும் ஒரு மாதத்தின் பின் ஐந்திலொரு பங்கு எச்சமிருந்தது.

இன்னுமொன்று ஆசிரியர்களுக்கு உரியது. பன்னிரண்டு அசை வரிசையொன்றை ஒரே இருப்பில் 68 முறை வாசித்ததனால் மறுநாள் கிடைத்த பயன், மூன்று நாட்களிற் பகிர்ந்து 38 முறை வாசித்ததனாலேயே கிடைத்துவிட்டது. பரீட்சைக்கு முதல்நாள் இரவு விடியும்வரை கண்விழிக்கும் மாணாக்கர் இந்த இரண்டு எண்களையும் சுவரில் எழுதிவைப்பாராக. ஆங்கிலக் கவிஞர் பைரனின் காவியமொன்றிலிருந்து எடுத்த செய்யுட்களையும் அவர் மனனஞ் செய்து பார்த்தார். பொருளும் சந்தமும் எதுகையும் துணைநின்றமையால், பொருளற்ற அசைகளுக்கு வேண்டிய உழைப்பிற் பத்திலொரு பங்கே போதுமாயிற்று. நிகண்டையும் மருத்துவத்தையுங்கூடச் செய்யுளிற் கட்டிவைத்த நம் முன்னோர் இதனை எண்ணால் அறியாவிடினும் வழக்கால் அறிந்திருந்தனர்.

இனி என் பழைய மாணாக்கரின் மனக்குறைக்கு வருவோம். எபிங்கௌசு இச்சோதனைகளை 1879இலும் 1880இலும் செய்து முடித்தார். 1880இல் பேர்லின் பல்கலைக்கழகத்தில் விரிவுரை செய்யும் உரிமை வேண்டி, அவற்றின் பயனைக் கையெழுத்துப் படியாகச் சமர்ப்பித்தார். அதனை ஆராய்ந்தவர்களுள் எல்மோற்சு என்னும் பெரும் பௌதிக அறிஞரும் ஒருவர். உரிமை கிடைத்தது. வேறொருவராயின் அப்படியை மறுமாதமே அச்சகத்துக்கு அனுப்பியிருப்பார். எபிங்கௌசோ அதனைப் பெட்டியில் வைத்தார். 1883இலும் 1884இலும் சோதனையின் முக்கிய பகுதிகளை மீளத் தொடக்கத்திலிருந்து செய்தார். மீளச் செய்யுமாறு அவரை எவரும் ஏவவில்லை. அக்காலத்தில் அதற்கென மதிப்பீட்டாளர் இருந்ததுமில்லை. முடிபுகள் ஒத்துநிற்கக் கண்ட பின்னரே 1885இல் நினைவு பற்றிய அச்சிறு நூலை வெளியிட்டார். காலையிற் கற்றதற்கும் மாலையிற் கற்றதற்கும் உள்ள வேறுபாடு, ஒவ்வோர் அளவிலும் நேரக்கூடிய வழுவின் எல்லை ஆகியவற்றையும் அதில் எழுதினார். தாம் எதிர்பார்த்த முடிபு தம்மையறியாமலே அளவைச் சாய்த்திருக்கக் கூடுமோ என்ற ஐயத்தையும் மறைக்கவில்லை. பெட்டியில் வைத்த 1880ஆம் ஆண்டுப் படி, ஒரு நூற்றாண்டுக்குப் பின் 1983இலேதான் அச்சேறியது.

அடுத்து அவர் செய்த காரியம் சஞ்சிகை தொடங்கியது. வூண்டு நடத்திய சஞ்சிகை பெரும்பாலும் இலைப்சிக்கு மாணாக்கரின் ஆராய்ச்சிகளுக்கே இடமளித்தது. பிற நகரங்களில் ஆராய்ந்தோருக்குச் செருமானிய மொழியில் ஒரு பொது மன்றில்லை. 1890இல் எபிங்கௌசும் கோனிக்கு என்னும் பௌதிக அறிஞரும் கூடி, உளநூலுக்கும் புலன்களின் உடற்றொழிலியலுக்கும் உரிய ஒரு சஞ்சிகையைத் தொடங்கினர். எல்மோற்சு, ஏரிங்கு, சுதும்பு, மூலர் முதலியோர் ஆதரவு தந்தனர். இவர்கள் ஒருவரோடொருவர் உடன்படாதவர்கள். நிறக்காட்சி பற்றி எல்மோற்சும் ஏரிங்கும் நேர்மாறான கொள்கையுடையோர். இருவர் பெயரும் ஒரே முகப்பில் நின்றன. இச்சஞ்சிகையிலேயே 1894இல் மூலரும் சூமனும் எபிங்கௌசின் முறையைத் திருத்தி வெளியிட்டனர். சோதிப்பவர் வேறு, சோதிக்கப்படுபவர் வேறாக இருத்தல் வேண்டும் என்று அவர்கள் கொண்டனர். தம் முறையின் குறையைத் தம் ஏட்டிலேயே பிறர் காட்ட இடங்கொடுத்தது சிறு காரியமன்று.

ஆனால் அவர் வாழ்வில் ஒரு கசப்பும் நேர்ந்தது. அவர் நிறைய எழுதி வெளியிடாதவர். நினைவு பற்றிய ஆராய்ச்சியையும் அவர் தொடர்ந்து நடத்தவில்லை. பேர்லினிற் பேராசிரியர் பீடம் வந்தபோது, அது 1894இல் சுதும்புக்குச் சென்றது. வெளியீடுகள் போதா என்பது அவருக்கு எதிராகச் சொல்லப்பட்ட காரணம். அங்கு மெய்யியற் பேராசிரியராயிருந்த தில்தை என்பவர் சுதும்புக்கே ஆதரவாக நின்றார். எபிங்கௌசு பிரெசிலாவு நகரத்துக்குச் சென்றார். அதே ஆண்டில் தில்தை, உள்ளத்தை இயற்கை நூல்போல் விளக்கப் புகுவது தவறு, உள்ளவாறு விரித்துரைப்பதே தக்கது என ஒரு கட்டுரை எழுதினார். எபிங்கௌசு 1896இல் தமது சஞ்சிகையிலேயே அதற்கு மறுப்பெழுதினார். வாதம் வலியது; நடை மிகக் கடுமையானது. தில்தை மனமுடைந்து, தொடங்கிய திட்டத்தை முடிக்காமல் விட்டார். ஆசிரியரே தம் ஏட்டில், தமக்குப் பீடம் தடைப்படக் காரணமானவரைத் தாக்குவது முறையா? முறையன்று என்பதே என் துணிபு. தம் அளவுகளைப் பத்து முறை ஐயுற்றவர், தம் சினத்தை ஒருமுறையேனும் ஐயுற்றிருக்கலாம். இன்றாயின் அத்தகைய கட்டுரை நடுநிலையாளர் இருவர் கண்களைக் கடந்தே அச்சேறவேண்டும்.

பிரெசிலாவில் வேறொரு பயன் விளைந்தது. ஐந்து மணி நேரம் இடைவிடாது பாடம் நடத்துவதாற் பிள்ளைகளின் மூளை களைக்கின்றதா என்று அந்நகரத்தார் அறிய விரும்பினர். எபிங்கௌசு கணக்கும், எண்களை நினைவில் வைத்தலும் ஆகிய சோதனைகளோடு, உரைநடைப் பகுதியொன்றில் இடையிடையே சொற்களையும் அசைகளையும் நீக்கிப் பிள்ளைகளைக்கொண்டு நிரப்பச் செய்தார். 1897இல் இதனையும் தம் சஞ்சிகையில் வெளியிட்டார். வகுப்பிற் சிறந்த பிள்ளைகளையும் பின்தங்கிய பிள்ளைகளையும் வேறுபடுத்திக் காட்டியது இறுதிச் சோதனை ஒன்றே. நாம் வினாத்தாள்களிற் கீறிட்ட இடங்களை நிரப்புக என்று போடும்போதெல்லாம் இவரை நினைத்துக்கொள்ளலாம்.

1905இல் ஹாலே நகரப் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். 1909ஆம் ஆண்டு செத்தெம்பரில் அமெரிக்காவின் கிளாக் பல்கலைக்கழகத்தில் நிகழவிருந்த விழாவுக்கு அவரும் அழைக்கப்பட்டிருந்தார். பிராய்டு சென்று விரிவுரையாற்றிய விழா அது. ஆனால் 1909 பெப்ருவரி 26ஆந் திகதி நுரையீரலழற்சியால் ஐம்பத்தொன்பதாம் வயதில் எபிங்கௌசு இறந்தார். அவர் தொடங்கிய சஞ்சிகை, பெயரிற் சிறிது மாற்றத்தோடு இன்றும் வெளிவருகின்றது, இப்போது ஆங்கிலத்தில்.

2015இல் ஆம்சுதர்தாம் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் இருவர், மறதியை அளந்த அச்சோதனையை எபிங்கௌசு செய்தபடியே மீண்டும் செய்து, மதிப்பீட்டாளர் வழியாக வெளியிட்டனர். அவர்களுள் ஒருவரே எழுபது மணி நேரம் இருந்து அசைகளைக் கற்றார். நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தனியறையில் வரைந்த கோடும் அவர்களது கோடும் பெரும்பாலும் ஒன்றன்மேலொன்று பொருந்தின.

இதைச் சொல்லிமுடிக்குமுன் என் மாணாக்கருக்குக் கடைசி வண்டிக்கு நேரமாயிற்று. தை மாதத்தில் அவர் வேறொரு பாடசாலையில் இரண்டாஞ் சோதனையைத் தொடங்கியிருப்பதாகக் கடிதம் வந்தது. முதற்சோதனையின் எண்களைப் பார்க்காமல் உறையிலிட்டு ஒட்டிவைத்திருப்பதாகவும் எழுதியிருந்தார்.